நூடுல்ஸ் பொட்டலத்தில் 501: பொட்டாசியம் கார்பனேட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வைப்பாற்றங்கரை:

வணக்கம். மகன் வாங்கி வந்த நூடுல்ஸ் பொட்டலத்தின் பின்புறம் ‘அமிலத்தன்மை சீராக்கிகள் 501, 500’ என்று போட்டிருக்கிறது. தேடிப் பார்த்ததில் 501 என்றால் பொட்டாசியம் கார்பனேட் என்று வந்தது. அதே வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி. ‘இது சோப்புக் காய்ச்சும் காரம், குழந்தைகளின் குடலை அரித்துவிடும்’ என்று ஒருவர் ஆவேசமாகப் பேசுகிறார்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். நாங்கள் வாழைக்குப் பொட்டாஷ் உரம் வைக்கிறோம். அதுவும் இதுவும் ஒன்றா? அமிலத்துக்கு நேர் எதிரான காரத்தை எதற்கு ‘அமிலத்தன்மை சீராக்கி’ என்கிறார்கள்? மூன்றாவதுதான் முக்கியம். என் மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு. பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். பேரன் தட்டிலிருந்து அவரும் எடுத்துச் சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?

ஆய்வகத்தான்:

அக்கா, உணவுத் தொழிற்சாலை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் முதல் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

உரக்கடையில் ‘பொட்டாஷ்’ என்று கொடுப்பது பொட்டாசியம் குளோரைடு. உங்கள் பொட்டலத்தில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். இரண்டும் வெவ்வேறு உப்புகள், குணமும் வேறு. ஆனால் ஒன்றிலிருந்துதான் மற்றது வருகிறது. கனடாவின் சஸ்காச்சுவான், ரஷ்யா, பெலாரஸ் போன்ற இடங்களில் சுரங்கத்திலிருந்து குளோரைடை எடுக்கிறார்கள். அதன் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். அதில் கரியமில வாயுவைச் செலுத்தினால் கார்பனேட். உணவுக்குப் போகும் சரக்கு தனித் தரம். அதில் ஈயமும் ஆர்செனிக்கும் எவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. உர மூட்டைக்கு அந்த உணவுத்தர வரம்பு பொருந்தாது.

‘அமிலத்தன்மை சீராக்கி’ என்பது ஒரு வகுப்பின் பெயர். உணவின் பி.எச். அளவை (அமிலமா காரமா என்று காட்டும் எண்; ஏறினால் காரம்) ஏற்றுவது, இறக்குவது, ஓரிடத்தில் நிறுத்துவது ஆகிய மூன்று வேலைகளில் எதைச் செய்யும் பொருளும் அந்த வகுப்பில் அடங்கும். ஊறுகாயில் சேரும் சிட்ரிக் அமிலம் (330) கூட அதே பெயரில்தான் வருகிறது. 501 ஏற்றுகிற வகை.

நூடுல்ஸில் அதற்கு என்ன வேலை என்றால், காரம் பட்டதும் மைதாவிலுள்ள குளூட்டன் புரதம் இறுகுகிறது. இழை வெந்த பிறகும் குழையாமல், கடித்தால் ஒரு மீள்தன்மையோடு நிற்கிறது. கோதுமையில் இயற்கையாகவே நிறமற்று இருக்கும் சில பொருள்கள் காரத்தில் மஞ்சளாகும். அந்த வெளிர்மஞ்சள் நிறம் அப்படி வருவது. ஜப்பானில் இந்தக் காரக் கலவைக்கு ‘கான்சுயி’ என்று பெயர். பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும் அதில் முக்கியம். புதிதாகப் பிசையும் ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸில் மாவின் எடையில் அரை விழுக்காட்டிலிருந்து ஒன்றரை விழுக்காடு வரை போடுவார்கள். பொரித்து உலர்த்தும் உடனடி நூடுல்ஸில் அவ்வளவு தேவையில்லை, பொதுவாக 0.1 முதல் 0.3 விழுக்காடுதான்.

மண்பானை:

ஐயா, பொறுமையாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் என் கேள்வி வேறு. எங்கள் வீட்டில் இடியாப்பம் பிழிகிறோம், சேமியா கிண்டுகிறோம். எதிலும் இந்த உப்பு இல்லை. அதில்லாமலே இழை இழையாக வருகிறது. அப்படியிருக்க நூடுல்ஸுக்கு மட்டும் எதற்காக? மலிவான மாவை மறைக்கவா? காணொளியில் சொன்ன சோப்பு விஷயத்தையும் நீங்கள் தொடவே இல்லை.

ஆய்வகத்தான்:

நியாயமான கேள்வி. இடியாப்பம் அரிசி மாவு. அரிசியில் குளூட்டன் இல்லை, ஆகவே காரம் இறுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வெந்நீரில் பிசையும்போது மாவுச்சத்து பசையாகி இழையைப் பிடித்துக்கொள்கிறது. சேமியா நல்ல கடினக் கோதுமை ரவையிலிருந்து வந்தால் அதன் புரதமே போதும். இத்தாலியர்களின் பாஸ்தாவும் அப்படித்தான், காரம் இல்லாமலே நிற்கும். சீன, ஜப்பானிய நூடுல்ஸ் மரபு சாதாரணக் கோதுமை மாவில் வளர்ந்தது, அந்தச் சுவையும் வழுவழுப்பும் காரத்தினால் வருபவை. காரத்தை எடுத்துவிட்டால் அது வேறு உணவாகிவிடும்.

சோப்பு பற்றி: பழங்காலத்தில் விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்த நீரைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கடுங்காரமாக்கி, கொழுப்புடன் காய்ச்சிச் சோப்பு செய்தார்கள். அந்தச் சாம்பல் நீரில் இருந்தது முக்கியமாகப் பொட்டாசியம் கார்பனேட்தான். காணொளிக்காரர் அந்த அளவில் பொய் சொல்லவில்லை. அவர் விட்டுவிட்டது அளவு. ஒரு பொட்டலத்தில் 60 கிராம் மாவு என்று வையுங்கள். 0.3 விழுக்காடு என்றால் 180 மில்லிகிராம் காரம். அது பிசைந்த மாவில் கலந்து, ஆவியில் வெந்து, எண்ணெயில் பொரிந்து வருகிறது. மிச்சமிருப்பது வயிற்று அமிலத்தைச் சந்தித்ததும் பொட்டாசியம் குளோரைடாகவும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிவிடும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்ப்பான் நிபுணர் குழு, இந்த உப்புக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எண் வரம்பு எதையும் வைக்கவில்லை.

பினாங்குவாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே தமிழ் முஸ்லிம் மாமாக் கடைகளில் மீ கோரெங் (வதக்கிய நூடுல்ஸ்) போடும் மஞ்சள் மீயில் இந்தக் காரம் தாராளமாகவே உண்டு. மீயைப் பையிலிருந்து எடுத்தவுடன் ஒரு சவர்க்கார வாடை அடிக்கும். விவரம் தெரிந்த சமையல்காரர் அதை அப்படியே சட்டியில் போடமாட்டார். கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசிய பிறகுதான் வதக்குவார். வாடையும் போகும், மேலே ஒட்டிய எண்ணெயும் போகும்.

மலாய்க்காரர்கள் இதைப் போத்தலில் ‘ஆயர் அபு’, அதாவது சாம்பல் நீர் என்று விற்பதை வாங்குகிறார்கள். குய் கோசுயி போன்ற பலகாரங்களில் ஓரிரு தேக்கரண்டி ஊற்றினால்தான் அந்த வழுவழுப்பு வரும்.

ஒன்றை எல்லோரும் கவனிக்க வேண்டும். அந்தப் போத்தலில் இருப்பது அடர்ந்த கரைசல். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். குழந்தை எடுத்துக் குடித்தால் வாயும் உணவுக்குழாயும் வெந்துவிடும். நூடுல்ஸிலுள்ள துளியைப் பற்றிப் பயப்படுகிறவர்கள், இந்தப் போத்தலைக் குடிநீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். மேல் அலமாரியில், பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள்.

அப்பளக்கட்டு:

இந்தப் பேச்சு எங்கள் தொழிலுக்குப் பக்கத்திலேயே வருகிறது, ஆகவே நானும் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இரண்டு தலைமுறையாக அப்பளம் இடுகிறோம். உளுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் சேராமல் அப்பளம் பொரியாது. அப்பளக்காரம் பெரும்பாலும் சோடியம் கார்பனேட். பொட்டலத்தில் 500 வரிசை எண்ணில் வரும். நூடுல்ஸில் 501க்குப் பக்கத்தில் நிற்கும் அதே 500.

காரம் குறைந்தால் அப்பளம் எண்ணெயில் விரியாமல் தட்டையாகக் கிடக்கும். கூடினால் சட்டென்று சிவக்கும், நாக்கில் சவர்க்காரம் போல ஒரு கசப்பு நிற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் மிகச் சிறியது. புது உளுந்துக்கு ஓர் அளவு, பழைய உளுந்துக்கு ஓர் அளவு, மழைக்காலத்துக்கு இன்னொன்று. மாவு பிசைகிற ஆச்சிமார் காரநீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்கள். பிரண்டைச் சாறு விட்டுப் பிசைவதும் எங்கள் பக்கத்து வழக்கம். இத்தனை தலைமுறையாகத் தின்கிற நாம், எண்ணாக எழுதிய உடனே அஞ்சுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அஞ்ச வேண்டியது கைநிதானம் இல்லாமல் போடுகிறவரிடம்.

மண்பானை:

அப்பளக்கட்டு ஐயா, உங்கள் தொழிலின் மேல் மரியாதை உண்டு. ஆனால் நாம் சாப்பாட்டுக்கு இரண்டு அப்பளம் தொட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் நூடுல்ஸை ஒரு வேளை உணவாகவே உண்கிறார்கள். பழைய வழக்கம் என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. புகையிலையும் பழைய வழக்கம்தான்.

பிரம்மபுத்திரைக்கரை:

வேலை நிமித்தம் அசாமில் இருக்கிறேன். இங்கே காரத்தை ஒரு வேளை உணவாகவே உண்கிறார்கள் என்பதை மண்பானை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ‘பீம் கோல்’ என்ற விதையுள்ள வாழையின் தோலைக் காயவைத்து எரித்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடிகட்டுவார்கள். பழுப்பாக இறங்கும் அந்த நீர் ‘கோலாகார்’. அதில் பொட்டாசியம் கார்பனேட்தான் மிகுதி. அதை விட்டுச் சமைத்த பப்பாளிக்காய் அல்லது பருப்பை ‘கார்’ என்று சொல்லி, மதியச் சாப்பாட்டில் சோற்றோடு முதலில் பரிமாறுவார்கள். வாய் சற்று வழுக்கும், புளிப்புக்கு நேர் எதிரான ஒரு சுவை. முதல் முறை எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது வெயில் காலத்தில் தேடிச் சாப்பிடுகிறேன்.

சாம்பலிலிருந்து எடுப்பது ஒரு காலத்தில் பெரிய வணிகமாகவே இருந்தது. அமெரிக்காவில் 1790இல் வழங்கிய முதல் காப்புரிமையே பொட்டாஷ் தயாரிக்கும் முறைக்குத்தான்; பெற்றவர் சாமுவேல் ஹாப்கின்ஸ். காடுகளை வெட்டி எரித்து, சாம்பலை வடித்து, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். கண்ணாடிக்கும் சோப்புக்கும் துணி வெளுப்பதற்கும் அது தேவைப்பட்டது. 1807இல் ஹம்ப்ரி டேவி பொட்டாசியம் என்ற உலோகத்தை முதன்முதலில் பிரித்ததும் பொட்டாஷிலிருந்து வந்த கடுங்காரத்தை உருக்கி மின்சாரம் செலுத்தித்தான்.

உணவியல்மதுரை:

மாமனார் பற்றிய கேள்வி கீழே போய்விட்டது. அதற்கு வருகிறேன். மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் எழுதுவது என் வேலை.

ஆய்வகத்தான் சொன்ன 180 மில்லிகிராம் கணக்கையே எடுப்போம். முழுவதும் பொட்டாசியம் கார்பனேட் என்று வைத்தாலும், அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் பொட்டாசியம். ஆக, ஒரு பொட்டலத்துக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 400 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஒரு பெரிய டம்ளர் இளநீரில் 600ஐ எட்டும். உங்கள் மாமனார் நூடுல்ஸில் நாலு வாய் எடுப்பதால் வரும் பொட்டாசியத்தைவிட, ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று கொடுக்கும் இளநீர் பல மடங்கு ஆபத்து. இதை நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் கெஞ்சிக் கேட்கிறேன். பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

ஆனால் அந்தப் பொட்டலத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் 501 அல்ல.

ஒன்று, சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. பொட்டலத்தின் ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் வரியைப் பாருங்கள், அதுவும் ‘100 கிராமுக்கு’ என்று இருக்கிறதா, ‘ஒரு வேளைக்கு’ என்று இருக்கிறதா என்று கவனித்துப் படியுங்கள். பெரும்பங்கு மசாலாப் பொடியில்தான் இருக்கும். இன்னொன்று, 451 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அது பாஸ்பேட் உப்பு. பருப்பு, தானியங்களில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடலில் சேரும். சேர்ப்பானாக வரும் பாஸ்பேட் அதைவிட எளிதாகச் சேர்ந்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது எலும்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்கும். நோயாளி வீட்டார் எல்லோரும் 501ஐப் பற்றிக் கேட்கிறார்கள், 451ஐப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

கூடவே, ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை வாங்கி அவருக்குச் சமைக்கிறீர்களா என்றும் பாருங்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு (508) கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

வைப்பாற்றங்கரை:

அம்மா, மிக்க நன்றி. வீட்டில் அந்த உப்புத்தான் ஆறு மாதமாக இருக்கிறது, இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வாங்கினோம். இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்கிறேன். மகனுக்கு நூடுல்ஸைக் கொதிக்கவைத்து நீரை வடித்துவிட்டுக் கொடுத்தால் காரம் போய்விடுமா?

உணவியல்மதுரை:

ஓரளவு போகும். பொட்டாசியம் கார்பனேட் தண்ணீரில் மிக எளிதாகக் கரைவது. பொரித்த எண்ணெயிலும் கொஞ்சம் வடிந்துவிடும். மசாலாவைப் பாதி போடுங்கள், காய்கறியும் முட்டையும் சேருங்கள். குழந்தைக்கு அதனால் வரும் நன்மை காரத்தை வடிப்பதைவிடப் பெரியது.

ஆய்வகத்தான்:

காரத்தின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் ஒரு பக்கம் மட்டும் பேசியதாகிவிடும். பி வைட்டமின்களில் முதலாவதான தயமினைக் காரம் அழிக்கும். சூட்டில் இன்னும் வேகமாக. கார நூடுல்ஸ் மட்டுமன்றி, ஓட்டல்களில் கொண்டைக்கடலை சீக்கிரம் வேக ஆப்பசோடா போடுவதும் இதே இழப்பைத்தான் தருகிறது. இரவே ஊறவைத்தால் சோடா தேவைப்படாது.

அலுமினியப் பாத்திரத்தில் காரநீரை வைக்காதீர்கள். அது உலோகத்தை அரித்துக் கறுக்கவைக்கும். எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி ஆகியவை சரி.

வீட்டில் ராமென் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: சமையல் சோடாவை எவர்சில்வர் தட்டில் பரப்பி, அடுமனை அடுப்பில் 130 பாகை செல்சியஸ் அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். நீரும் கரியமில வாயுவும் வெளியேறி, 100 கிராம் போட்டது ஏறக்குறைய 63 கிராமாகக் குறையும். அதுதான் சோடியம் கார்பனேட். கையில் படாமல், காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். 100 கிராம் மைதாவுக்கு ஒரு கிராம் போதும். பிசையும்போதே மாவு மஞ்சளாவது தெரியும். ஆரத்திக்குக் கரைக்கும் மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதும் காரத்தின் வேலைதான்.

சாங்லித்தமிழச்சி:

நூடுல்ஸைத் தாண்டி ஓர் இடம் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் சாங்லி, தாஸ்காவ் பக்கம் உலர் திராட்சை போடுகிறவர்கள் ஏராளம். திராட்சைத் தோலின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. அது ஈரத்தை வெளியே விடாது. ஆகவே கொத்துகளைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட் என்ற எண்ணெயும் கரைத்த நீரில் சில நிமிடம் முக்கி எடுத்து, நிழற்கூடத்தில் கம்பி வலை அடுக்குகளில் பரப்புகிறார்கள். லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கார்பனேட், 15 மில்லி எண்ணெய் என்பது இங்கே வாய்ப்பாடு. மெழுகு தளர்ந்து, இரண்டு வாரத்தில் பழம் காய்ந்துவிடும். முக்காமல் போட்டால் வெகுநாள் இழுத்து, கறுத்துப் பூஞ்சையும் பிடிக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் சாம்பல் நீரும் ஆலிவ் எண்ணெயும் கலந்து முக்கியது இதன் பழைய வடிவம்.

பாயசத்துக்குப் போடும் முன் திராட்சையை வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை அலசுங்கள். பளீரென்ற மஞ்சள் திராட்சை என்றால் கந்தகப் புகையும் காட்டியிருப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதற்குத்தான் கவனமாக இருக்க வேண்டும்.

மண்பானை:

எல்லாவற்றையும் படித்தேன். இந்த உப்பு விஷம் என்று இனி நான் வாதாடமாட்டேன். ஆனால் என் கோபம் தீரவில்லை. நம் சட்டப்படி சேர்ப்பானின் வகுப்பைப் போட்டு, பெயரையோ எண்ணையோ ஏதாவது ஒன்றை அச்சிட்டால் போதும். பெரும்பாலான நிறுவனங்கள் எண்ணைத் தேர்ந்தெடுக்கின்றன. 501 என்பதற்குப் பதில் ‘பொட்டாசியம் கார்பனேட்’ என்று தமிழில் இருந்தால், சிறுநீரக நோயாளி ஒருவர் கடையில் நின்றபடியே புரிந்துகொள்வார். 451 என்பதற்குப் பதில் ‘பாஸ்பேட்’ என்றிருந்தால் உணவியல் அம்மா இவ்வளவு விளக்கவே வேண்டியதில்லை. எண்களை வைத்துப் பயமுறுத்தும் காணொளிகளுக்கு இந்த மௌனம்தான் தீனி போடுகிறது.

ஆய்வகத்தான்:

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும்: பெயர் ஒத்திருப்பதால் குழம்புவதும் நடக்கிறது. ரொட்டியில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை இந்தியா 2016இல் தடை செய்தது, புற்றுநோய் ஐயத்தினால். அந்தச் செய்தியை எடுத்து 501இன் தலையில் கட்டும் பதிவுகள் இன்றும் வருகின்றன. புரோமேட் வேறு, கார்பனேட் வேறு. பெயரை முழுதாக, கடைசிச் சொல் வரை படிக்க வேண்டும்.

அடுமனைக்காரி:

கேக் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் கோகோ பொடி டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் 501 அல்லது 500 இருக்கக்கூடும். நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த முறை அது. கோகோவின் இயற்கைப் புளிப்பைக் காரம் தணிக்கிறது, நிறம் கறுக்கிறது, பாலில் எளிதாகக் கலக்கிறது. கூடவே கோகோவில் நன்மை தரும் பொருள்களாகக் கருதப்படும் பிளேவனால்கள் குறைகின்றன, ஆகவே உடல்நலத்துக்காகக் கோகோ குடிக்கிறவர்கள் காரம் சேர்க்காததை வாங்குவதே நல்லது.

வைப்பாற்றங்கரை:

என் டப்பாவில் 501 இருக்கிறது! கேக் உப்பாமல் போவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? செய்முறையில் ஆப்பசோடா மட்டும்தான் சொல்லியிருந்தார்கள், தயிரோ எலுமிச்சையோ இல்லை.

அடுமனைக்காரி:

உண்டு. ஆப்பசோடா பொங்குவதற்கு அமிலம் வேண்டும். அந்தச் செய்முறை எழுதியவர் காரம் சேர்க்காத கோகோவின் புளிப்பை நம்பி எழுதியிருப்பார். உங்கள் கோகோவில் புளிப்பை 501 ஏற்கெனவே தீர்த்துவிட்டது. சோடா வேலையின்றிக் கிடந்து, கேக்குக்குச் சவர்க்கார வாடையையும் தந்திருக்கும். அடுத்த முறை சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடுங்கள், ஒரு பங்கு சோடாவுக்கு மூன்று பங்கு. இல்லையென்றால் சோடாவையே வைத்துக்கொண்டு, பாலுக்குப் பதில் புளித்த மோர் ஊற்றுங்கள்.